வாசகர் கேள்விகள்: எந்திரம் எழுதித் தருகிறது, சரிபார்ப்பது யார்?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவைப் பற்றியவையாகவே இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியுள்ளேன். பலரும் தங்கள் பணியிடத்தைப் பற்றி மனம்விட்டு எழுதியிருப்பதால், பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுத் தொழிலை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): மருத்துவம், சட்டம் சார்ந்த ஆவணங்களை நீண்ட காலமாக மொழிபெயர்த்து வருகிறேன். முன்பெல்லாம் மூலத்தை அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்வார்கள். இப்போது எந்திரம் செய்த வரைவையும் சேர்த்து அனுப்பி, "திருத்தம் மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள். ஊதியம் பாதியாகிவிட்டது, வேலை பாதியாகவில்லை. சில நாள்களில் முன்பைவிடக் கூடுதலாகவே நேரம் பிடிக்கிறது. நான்தான் மந்தமாகிவிட்டேனா?

பதில்: நீங்கள் மந்தமாகவில்லை. உங்கள் வேலையின் தன்மை மாறிவிட்டது, அதை அளக்கும் கணக்கு மட்டும் பழையபடியே இருக்கிறது.

கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புச் சேவையை 2016இல், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாற்றத் தொடங்கியது. அதற்கு முந்தைய எந்திர மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் வாக்கியமே நொண்டும், எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் கிடக்கும், படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். இப்போது வரும் வரைவுகளில் வாக்கியம் எங்கும் தடுக்குவதில்லை. ஒரு மருந்துக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். "ஒரு நாளில் இரண்டு மாத்திரைகளுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது" என்பது மூலத்தின் பொருள். வரைவில் "நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் உட்கொள்ள வேண்டும்" என்று வந்துவிடலாம். இலக்கணத்தில் குறையில்லை, நடையிலும் குறையில்லை, ஆனால் உச்சவரம்பாக இருந்தது கட்டாய அளவாக மாறிவிட்டது. வரைவை மட்டும் படித்துக்கொண்டு போகிறவர் கண்ணில் இது படவே படாது. ஒப்பந்தங்களில் வேறு வகைப் பிழை ஒன்று வரும். மூன்றாவது பிரிவில் ஒரு சொல்லாகவும் பதினோராவது பிரிவில் வேறு சொல்லாகவும் ஒரே கலைச்சொல் பெயர்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாளை வழக்கு வந்தால், இரண்டும் ஒன்றா வேறா என்ற கேள்வியிலேயே வாதம் தொடங்கிவிடும்.

ஆகவே நீங்கள் இப்போது செய்வது, நம்பிக்கையூட்டும் ஒரு வரைவை ஒவ்வொரு சொல்லாகச் சந்தேகித்துப் படிக்கும் வேலை. எழுதுவதைவிட இது அலுப்பானது, கவனத்தை அதிகமாக உறிஞ்சுவது. வரைவைத் திறக்குமுன் மூலத்தின் ஒரு பத்தியைப் படித்து, நீங்களே பெயர்த்தால் எப்படிப் பெயர்ப்பீர்கள் என்று மனத்தில் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகு வரைவைப் பார்ப்பது நல்லது. வரைவை முதலில் படித்துவிட்டால் மூலத்திலும் அதையே காணத் தொடங்கிவிடுவோம். அளவு, எச்சரிக்கை, பொறுப்பு, விலக்கு ஆகியவற்றைச் சொல்லும் பகுதிகளை வரைவைப் பொருட்படுத்தாமல் புதிதாகவே மொழிபெயர்க்கப் போவதாக வாடிக்கையாளரிடம் எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்ற ஊதியத்தை விட்டு மணிக்கு இவ்வளவு என்ற முறையைக் கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும். தவறான ஒரு மருந்துக் குறிப்பால் ஏற்கெனவே சூடுபட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி (சட்ட அலுவலக உதவியாளர்): இல்லாத தீர்ப்புகளைக்கூட இருப்பதுபோல் சொல்லிவிடுகிறது என்கிறார்களே, இவ்வளவு அறிந்த எந்திரம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பதில்: பொய் சொல்வதற்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' கட்டமைப்பை 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த அடித்தளத்தின் மேல் எழுந்த மாதிரிகள், ஏராளமான எழுத்தைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகப் பயிற்றப்பட்டவை. கேட்ட செய்தி பயிற்சியில் பலமுறை வந்திருந்தால் கணிப்பும் உண்மையும் பெரும்பாலும் ஒத்துப்போகும், அரிதாக வந்திருந்தால் வடிவம் மட்டுமே மிஞ்சும்.

தீர்ப்பு மேற்கோளின் வடிவம் மிகவும் கட்டுப்பாடானது என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வழக்காடியவர் பெயர்கள், தொகுதி எண், பக்க எண், நீதிமன்றம், ஆண்டு. வடிவம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அதைப் போலி செய்யலாம். 2023இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் இதுதான் நடந்தது. விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் சாட்ஜிபிடி தந்த, உலகில் எங்குமே இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோளாகத் தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அபராதம் அன்று. அந்தத் தீர்ப்பு உண்மையானதுதானா என்று வழக்கறிஞர் அந்தச் சாட்பாட்டிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆம் என்று சொல்லியிருக்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தை அதே சாட்சியைக் கொண்டு உறுதிப்படுத்துவதற்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் தேடி, சுட்டியுடன் விடை தரும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. குறை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. சுட்டி உண்மையாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது வேறாக இருக்கும். திறந்து படித்தால்தான் சரிபார்த்ததாகப் பொருள்.

கேள்வி (மென்பொருள் நிரலாளர்): ஏஐயால் வேலை வேகமாகிறது என்று நிர்வாகம் சொல்கிறது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் திட்டங்கள் முடியும் தேதி மட்டும் முன்னால் வரவே இல்லை. உண்மையில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பதில்: ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும். யாரை, எந்த வேலையில் அளந்தார்கள் என்று பார்த்தால் முரண்பாடு பெரிதும் கரைந்துவிடும்.

பொருளியலாளர் எரிக் பிரின்யால்ஃப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏஐ தந்த குறிப்புகளைப் பயன்படுத்தியபோது ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடியது. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அது 34 சதவீதம் அளவுக்கு இருந்தது, அனுபவம் மிக்கவர்களிடம் சொல்லத்தக்க மாற்றமே இல்லை. காரணம் எளிது. அந்த ஏஐ கற்றுக்கொண்டது சிறந்த பணியாளர்களின் உரையாடல்களிலிருந்துதான். மூத்தவர்களிடம் இருந்த சாமர்த்தியத்தை எடுத்து இளையவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. பங்கு கொடுத்த மூத்தவர்களுக்கு அதற்கான தொகை வந்ததா என்பது ஊதியப் பேச்சுவார்த்தைகளில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி. அது பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை.

இனி உங்கள் துறை. மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் வெளியிட்ட சோதனையில், நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய பெரிய திறமூலத் திட்டங்களில் பல ஆண்டுகள் உழைத்த 16 நிரலாளர்கள் தங்கள் சொந்தத் திட்டங்களிலேயே 246 பணிகளைச் செய்தார்கள். எந்தப் பணிக்கு ஏஐ அனுமதி, எதற்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. தொடங்குமுன் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகு 20 சதவீதம் மிச்சமானதாக நம்பினார்கள். அளந்து பார்த்ததில், ஏஐயைப் பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. ஆய்வு சிறியது, கருவிகளும் அதன் பிறகு மாறிவிட்டன, எனவே அந்த 19ஐ எல்லோர் தலையிலும் கட்டக் கூடாது. ஆயினும் உணர்ந்த வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளி, உங்கள் கேள்விக்கு நேரான விடை என்று கருதுகிறேன். திரையில் நிரல் வரிகள் ஓடும்போது வேலை நடப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதில், அது ஏன் இப்படி எழுதப்பட்டது என்று தேடுவதில், மூன்று நாள் கழித்து வெளிப்படும் வழுவைத் துரத்துவதில் போன நேரம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. நன்றாகத் தெரிந்த நிரல்தொகுப்பில் நீங்களே எழுதுவது வேகமானதாகவும், புதிய மொழியிலோ பழக்கமில்லாத நூலகத்திலோ ஏஐயின் துணை பெரும் உதவியாகவும் இருக்கக்கூடும். சில வாரங்களுக்குப் பணிகளின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் நீங்களே குறித்து வாருங்கள். நிர்வாகத்தின் எண்ணத்தைவிடவும் உங்கள் எண்ணத்தைவிடவும் அந்தக் குறிப்பேடு நம்பத்தக்கதாக இருக்கும்.

கேள்வி (பள்ளி மாணவரின் தந்தை): ஏஐ வராத துறை எது என்று சொன்னால் மகளை அதில் சேர்த்துவிடுவேன்.

பதில்: அப்படி ஒரு துறையைப் பெயர் சொல்லி நான் அடையாளம் காட்டினால் நீங்கள் நம்பக் கூடாது. பல அடுக்கு நரம்பு வலையமைப்புகளைக் கொண்ட 'ஆழக் கற்றல்' முறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல், கதிரியக்கப் படங்களை வாசிக்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சியளிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் எந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்றார். அவருக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருத்துவர்களுக்கோ இன்றும் பற்றாக்குறைதான். துறையைத் தன் கைபோல் அறிந்தவரின் கணிப்பே அப்படி என்றால், மகளுக்கு விருப்பமுள்ள படிப்பையே அவள் படிக்கட்டும்.

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்): மாணவர்களின் கட்டுரைகள் திடீரென்று பிழையற்றவையாகிவிட்டன. வகுப்பில் கேள்வி கேட்டால் அதே மாணவர்கள் விழிக்கிறார்கள். ஏஐயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கலாமா? உண்மையிலேயே இது சிந்திக்கும் திறனைக் குறைக்கிறதா?

பதில்: முதல் கேள்விக்கு வேண்டாம் என்பதே விடை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தை இனங்காணும் கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தானே எழுதிய மாணவன் மீது திருட்டுப் பட்டம் விழுந்தால் அதைத் துடைக்க அவனிடம் எந்த வழியும் இருக்காது. அந்தச் சுமையை ஒரு மென்பொருளின் சதவீதக் கணக்கின் மேல் ஏற்ற முடியாது.

இரண்டாவது கேள்விக்கு நிதானமாக விடை சொல்ல வேண்டும். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாட்பாட் போன்ற ஒன்றையும், மற்றொரு பிரிவினருக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த ஒன்றையும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் மேம்பட்டன. பின்னர் கருவியைப் பறித்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, முதல் பிரிவினர் கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். குறிப்பு மட்டும் பெற்ற இரண்டாம் பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இந்த முடிவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. விடையைக் கொடுத்துவிடும் கருவி பயிற்சி ஏட்டை அழகாக்கிவிட்டு மாணவரை வெறுங்கையோடு அனுப்புகிறது, இது ஒன்று. மாணவருக்கும் விடைக்கும் நடுவில் ஒரு தடையை வைத்தால், அதே தொழில்நுட்பத்தால் பெரிய சேதம் வருவதில்லை என்பது மற்றொன்று. ஏஐயைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதியவர்களின் மூளை அலைகளில் தொடர்பு குறைந்திருந்ததாக எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து 2025இல் வந்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 54 பேரை வைத்துச் செய்யப்பட்டு, பிற ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியான ஆய்வு அது. "ஏஐ மூளையை அழுகவைக்கிறது" என்று தலைப்பிடும் அளவுக்கு அதில் சான்று இல்லை.

கட்டுரையை வீட்டுப்பாடமாகத் தருவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் மதிப்பெண் கட்டுரைக்கு மட்டும் இருக்க வேண்டாம் என்பேன். மாணவரை எதிரில் உட்காரவைத்து, இரண்டாம் பத்தியில் இந்தச் சான்றை ஏன் எடுத்தாய், இதற்கு மறுப்பு என்னவாக இருக்கும், இந்த வாக்கியத்தை நீக்கினால் வாதம் நிற்குமா என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். தானே எழுதியவர் தடுமாறினாலும் விடை சொல்வார், வாங்கி ஒட்டியவருக்குக் கேள்வியே புரியாது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. எல்லோரையும் எல்லா முறையும் கேட்க வேண்டியதில்லை. யாரைக் கேட்பீர்கள் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருந்தாலே போதும்.

கேள்வி (தணிக்கை நிறுவனப் பிரிவுத் தலைவர்): முன்பு புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் ரசீதுகளைச் சரிபார்ப்பது, பேரேட்டை ஒப்பிடுவது போன்ற வேலைகளைக் கொடுப்போம். இப்போது அதை எந்திரம் செய்துவிடுவதால் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டோம். கணக்கு லாபமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனத்தில் ஏதோ நெருடுகிறது.

பதில்: அந்த நெருடலுக்கு ஒரு வரலாறு உண்டு. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனத்தில் வைத்து 1983இல் 'தானியங்கிமயத்தின் முரண்நகைகள்' என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எளிய வேலைகளை எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, எந்திரத்தால் முடியாத கடினமான தருணங்களை மனிதருக்கு ஒதுக்குகிறோம். ஆனால் கடினமான தருணத்தைச் சமாளிக்கும் திறன், எளிய வேலைகளை நாள்தோறும் செய்வதால்தான் உண்டாகிறது, செய்யாவிட்டால் தேய்கிறது. எந்திரம் எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவுக்கு மனிதர் பயிற்சியிழந்து நிற்பார். பெயின்பிரிட்ஜ் சுட்டிய சிக்கலின் சாரம் இது.

2009 ஜூன் 1ஆம் தேதி ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இது கோரமாக வெளிப்பட்டது. வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிப்படிகத்தால் அடைபட, தானியங்கி விமானி விலகிக்கொண்டு கட்டுப்பாட்டை மனிதரிடம் ஒப்படைத்தது. அந்த உயரத்தில் கையால் ஓட்டிப் பழக்கமில்லாத விமானிகள் மூக்கை மேல்நோக்கி இழுத்தார்கள், விமானம் தூக்குவிசையை இழந்தது. நான்கரை நிமிடத்துக்குள் 228 பேருடன் கடலில் விழுந்தது.

மருத்துவத்திலிருந்து அண்மைய சான்று ஒன்று. போலந்தில் நான்கு மையங்களில் பெருங்குடல் அகநோக்குப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்கு, கட்டிகளைச் சுட்டிக்காட்டும் ஏஐ வழங்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து, ஏஐ இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி கண்டறியப்பட்ட விகிதம் முன்பு 28.4 சதவீதமாக இருந்தது, பிறகு 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2025இல் வெளியான இந்த ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடாமல் நடந்ததைப் பார்த்துப் பதிவு செய்த நோக்கு ஆய்வுதான், வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் இங்கே தேய்ந்ததாகத் தெரிவது அனுபவமுள்ளவர்களின் திறன். உங்கள் நிறுவனத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தேய்வதற்குரிய திறனே உருவாகாமல் போகிறது.

ரசீதைச் சரிபார்க்கும் வேலை சலிப்பானதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஒழுங்கான ரசீதுகளைப் பார்த்தவருக்குத்தான் ஒழுங்கற்ற ஒன்று கண்ணில் உறுத்தும். தொடர்ச்சியான எண்களுள்ள பட்டியல்கள், மாத இறுதியில் மட்டும் திரளும் பற்றுச்சீட்டுகள், ஒப்புதல் வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் தொகைகள் ஆகியவற்றைப் பார்த்ததும் சந்தேகம் கொள்ளும் அந்தப் புத்தி பாடப்புத்தகத்தில் வருவதில்லை. இன்று உங்கள் பிரிவில் ஏஐ தந்த அறிக்கையைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் எல்லோரும் அந்தச் சலிப்பான வேலையில் விளைந்தவர்கள். அவர்கள் ஓய்வுபெறும்போது அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? அமெரிக்க ஊதியப் பதிவுகளைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் செய்த கணக்கில், ஏஐயின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானோரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்திருந்தது, அதே தொழில்களில் மூத்தவர்களுக்கு அத்தகைய சரிவு இல்லை. வட்டி விகிதம் போன்ற வேறு காரணங்களைச் சுட்டும் பொருளியலாளர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் வேலை ஏணியின் கீழ்ப்படி குறுகுவது கண்கூடு.

இளைஞர்களை முன்போல எடுங்கள் என்று சொன்னால் உங்கள் நிதிப்பிரிவு சிரிக்கும். எனவே நடைமுறைக்கு ஒத்த ஒன்றைச் சொல்கிறேன். எடுக்கும் சிலருக்காவது முதல் ஆண்டில் ஒவ்வொரு கோப்பின் ஒரு பகுதியை எந்திரத்தின் முடிவைப் பார்க்காமல் தாங்களே சரிபார்க்கக் கொடுங்கள். பிறகு அவர்கள் முடிவையும் எந்திரத்தின் முடிவையும் ஒரு மூத்தவர் முன்னிலையில் ஒப்பிடச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் மணிக்கணக்கைப் பயிற்சிச் செலவில் எழுதுங்கள், உற்பத்தி இழப்பாக எழுதாதீர்கள். எழுதும் இடம் மாறினால் அதை வெட்டும் கையும் தயங்கும்.

கேள்வி (காப்பீட்டுக் கோரிக்கைப் பரிசீலனை அலுவலர்): கோரிக்கைகளை ஏஐ பரிசீலித்து ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்று குறித்து அனுப்பும். நான் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது?

பதில்: காகிதத்தில் உங்களுடையது. உங்களை அந்த நாற்காலியில் அமர்த்தியதன் நோக்கங்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன்.

நிறுவனம் எந்திரத்தைக் கைகாட்டித் தப்ப முடியாது என்பதைக் கனடாவில் 2024இல் ஒரு தீர்ப்பாயம் தெளிவாக்கியது. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு விமான நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. சாட்பாட் தனிச் சட்ட ஆளுமை, அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்ற பொருளில் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வெளியாரிடம் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதுதான். ஆனால் நிறுவனத்துக்குள் அந்தப் பொறுப்பு மேலிருந்து கீழே உருளும்போது உங்கள் ஒப்பத்தில் வந்து நிற்கும்.

எந்திரத்தின் பரிந்துரையை அளவுக்கு மீறி நம்பும் மனப்போக்கை, 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதிக ஆபத்துள்ள அமைப்புகளை மேற்பார்வையிடும் மனிதர்கள் அந்தச் சாய்வை உணர்ந்திருக்கவும், எந்திரத்தின் முடிவைப் புறக்கணிக்கவும் இயல வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு நிமிடத்தில் கோப்பைத் திறக்கலாம், புறக்கணிப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே உங்கள் மேலாளரிடம் எழுத்தில் சில கேள்விகளை வையுங்கள். நிராகரிப்பு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எத்தனை நிமிடம்? எந்திரத்தின் முடிவை மாற்றினால் என் செயல்திறன் மதிப்பீடு பாதிக்குமா? கடந்த காலாண்டில் மாற்றப்பட்ட முடிவுகள் எத்தனை? மூன்றாவது கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று விடை வந்தால், அங்கே பரிசீலனை நடக்கவில்லை என்பதற்கு அதுவே ஆவணம். அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வீட்டுச் சிக்கல்களையும் வேலை மாறலாமா என்பதையும் சாட்பாட்டிடம்தான் பேசுகிறேன். மனிதர்களைவிடப் பொறுமையாகக் கேட்கிறது. இதில் தவறு உண்டா?

பதில்: பேசுவதில் தவறில்லை. எம்.ஐ.டி.யின் ஜோசஃப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலைசா' என்ற மிக எளிய நிரல், தட்டச்சு செய்த வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்கியதைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அது உருவான விதத்தை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். ஆக இது உங்களுக்கு மட்டும் நேர்வது அன்று.

நான் கவலைப்படுவது, அது உங்களோடு ஒத்துப்போவதைப் பற்றி. ஓப்பன் ஏஐ 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு மேம்படுத்தல், பயனர் எதைச் சொன்னாலும் மெச்சத் தொடங்கியதால், சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அந்தச் சாய்வு இந்தக் கருவிகளில் பொதுவாகவே உண்டு. வேலையை விடலாமா என்று கேட்கும்போது, உங்கள் மனைவியோ மேலாளரோ எழுதியதுபோல, அவர்கள் பக்கத்திலிருந்து அதே சூழலை விவரித்துப் புதிய உரையாடலில் கேட்டுப் பாருங்கள். அங்கும் அது கேட்டவர் பக்கமே சாய்ந்தால், முதலில் கிடைத்த அறிவுரையின் எடை உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு உங்களை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரு மனிதரிடம் பேசுங்கள்.

கேள்வி (அரசு அலுவலகக் கண்காணிப்பாளர்): ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. இனிமேல் இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களைவிட உங்களுக்குத்தான் இது எளிது, ஏனென்றால் வந்த விடை சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடியும். பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சென்ற ஆண்டு நீங்களே முடித்த, விடை உங்களுக்கு முழுமையாகத் தெரிந்த ஒரு பணியை எடுங்கள். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் நீக்கி, நிகழ்வையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக ஆவணத்தை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. சாம்சங் நிறுவனப் பணியாளர்கள் உள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது 2023இல் வெளியானபோது, அந்த நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தது. பிறகு அந்தப் பணியைச் செய்யச் சொல்லி, வந்ததை உங்கள் பழைய குறிப்புடன் வரிவரியாக ஒப்பிடுங்கள். எந்த விதியைத் தவறாகக் காட்டியது, எந்த விதிவிலக்கை விட்டுவிட்டது, எதை உங்களைவிட நேர்த்தியாகச் சொன்னது என்று தனித்தனியே குறியுங்கள்.

கடித வரைவு, கூட்டக் குறிப்பின் சுருக்கம், விதி விளக்கம், கணக்கீடு என்று வெவ்வேறு வகைப் பணிகளில் இதைச் செய்தால், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும். அந்தப் பட்டியலை உங்களுக்குக் கீழே பணிபுரியும் இளையவர்களிடம் கொடுங்கள். காரணங்களையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.